கொரலுக்கு எடுத்த சட்டை

பொங்கலுக்கு எங்கம்மா எம்.சி. ரோட்டுக்குப் போய் யாருக்கு சட்டை எடுத்துட்டு வந்தாங்கன்னு கேளுங்க. தம்பியோட பெங்களூர் ரூம்மேட்டுக்கு, பண்டிகைக்கு எங்க வீட்டுக்கு வரான்னு! மூஞ்சிய கூட பாத்ததில்ல. நம்மாளு எப்பவும் போன எடுக்கமாட்டானா, அந்தப் பையன் தான் எடுத்து "சொல்லுங்கம்மா"ம்பான், அடிவயித்துலேர்ந்து வரும் பாருங்க ஒரு கொரலு, ஸ்பீக்கர்ல போட்டா ஷோகேஸ் கண்ணாடி அதிரும். கடையில சைஸ் கேட்டதுக்கு "நல்ல கட்டக் கொரலுப்பா"ன்னு சொல்லி டபுள் எக்ஸ்எல் வாங்கிட்டாங்க. அதோட விட்டாங்களா, கட்டில் தாங்காதுன்னு அடியில செங்கல் முட்டு வேற, காசிமேட்டுலேர்ந்து முழு வஞ்சிரம் வேற.

போகி அன்னிக்கு காலையில கதவ தொறந்தா ஒல்லியா ஒரு பையன், என் தோளுக்குக் கூட வரல. பின்னாடி யாராச்சும் வராங்களான்னு படிக்கட்டுல எட்டிப் பாக்குறேன், "வணக்கம்ணே"ன்னான் பாருங்க, அதே கொரலு.

அக்கா பொண்ணு மொழியியல் படிக்குதுல்ல, உடனே கிளாஸ் ஆரம்பிச்சிடுச்சு. கட்டக் கொரலுக்கு காரணம் தொண்டைக்குள்ள இருக்குற குரல் நாணோட நீளமும் தடிமனும் தானாம், வளந்த ஆம்பளைங்கள்ல அதுக்கும் உயரத்துக்கும் பெருசா சம்பந்தமே இல்லியாம், ஆனா காது மட்டும் நம்பிடுமாம். 1929லயே சபீர்னு ஒருத்தர் மில், மால்னு அர்த்தமில்லாத ரெண்டு சத்தம் சொல்லி, ரெண்டும் மேஜையோட பேருன்னா எது பெரிய மேஜைன்னு கேட்டா முக்காவாசி பேருக்கு மேல மால்னாங்களாம். ஐரோப்பாவுல சிவப்பு மான்னு ஒண்ணு, கத்தும்போது குரல்வளைய நெஞ்சு வரைக்கும் கீழ இழுத்து கொரல பெருசாக்கிக் காட்டுமாம். பையன் பாவம், தலைய குனிஞ்சிக்கினு வஞ்சிரத்துல முள்ளு எடுத்துக்கினு இருக்கான்.

என் கதை தெரியும்ல. இவ்ளோ பெரிய உடம்பு, கேஸ் சிலிண்டருக்கு போன் போட்டா "சொல்லுங்க மேடம்". பில்ல தொலச்சதால கடையில மாத்தியும் தரல, கடைசில சட்டை எனக்குத் தான் வந்துச்சு, அதுவும் வயித்துக்கிட்ட பிடிக்குது.

நேத்து ராத்திரி அவன் "ஊர் வந்து சேந்துட்டேம்மா"ன்னு போன் பண்ணான். பேசி வெச்சிட்டு அம்மா என்னான்ட சொல்றாங்க: "நாலு இட்லியோட எந்திரிச்சிட்டான்டா, அந்த உடம்புக்கு எப்டி பத்தும்?"