பருத்திப் பாவாடையும் ஒரு கண்ணாடித் துண்டும்

கோத்தகிரியில் எங்களை 'சிலோன்காரங்க' என்பார்கள். கல்யாணமாகி இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் வந்தபோது இங்கே என்னை 'இந்தியாக்காரப் பிள்ளை' என்றார்கள். தாத்தாவும் பாட்டியும் இந்த மலையில் பிறந்தவர்கள்தான். 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அவர்களை எழுபதுகளில் இங்கிருந்து கிளப்பியது. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். அப்பா அங்கே வளர்ந்தார், நான் அங்கே பிறந்தேன். பாட்டியின் அண்ணன் குடும்பம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அந்தக் குடும்பத்துப் பேரனைத்தான் கட்டிக்கொண்டேன்.

வந்த புதிதில் எதுவும் புதிதாகத் தெரியவில்லை. அதே தேயிலை, அதே குளிர், மழை பெய்தால் காலில் ஏறும் அதே அட்டை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. பிரெட் இங்கே பாண், ரயில் கோச்சி, சீக்கிரம் என்பது 'சுருக்கா'. இதெல்லாம் ஒரு மாதத்தில் வாயில் வந்துவிட்டது. பலகையில் உள்ள சிங்களமும் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரின் சிங்களமும்தான் வரவில்லை. முதல் சில வருடங்கள் கணவர் இல்லாமல் எந்த அலுவலகத்துக்கும் போனதில்லை. விசா புதுப்பிக்கப் போனாலும் அவர்தான் பேசுவார், நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன்.

அப்படி நிற்க முடியாத ஒரு வேலை எனக்கு 35 வயதானபோது வந்தது.

எங்கள் தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ் ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பெண். அவர் கையில் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) எந்தக் காம்பராவில் (அறை) யார் கர்ப்பம், யாருக்கு எத்தனை பிள்ளை எல்லாம் அதில் இருக்கும். ஒருநாள் நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் நின்று பக்கம் புரட்டினார். "உங்களுக்கு இந்த வருஷம் முப்பத்தஞ்சு. வெல் வுமன் கிளினிக்குக்கு வரணும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். சுகர், பிரஷர் பார்ப்பார்கள், மார்பைப் பார்ப்பார்கள், பாப் டெஸ்ட் எடுப்பார்கள் என்றார். பாப் டெஸ்ட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கான மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. தெரிந்ததால்தான் "எனக்கு ஒண்ணும் இல்லையே மிஸ்" என்றேன். "ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தான் இந்தக் கிளினிக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனார்.

என் பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. கோத்தகிரியில் என் பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று சில வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட ஆரம்பித்தது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். வெள்ளைப்படுதலும் வாடையும் வந்த பிறகும் மகன்களிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டார். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனபோது நோய் பரவிவிட்டது. வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'இடுப்புக்குக் கீழே ஏதோ' என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். அப்போது எனக்கு 16 வயது. பெயர் சொல்லாத அந்த நோய் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. அதைத் தேடிப் போய்ப் பார்ப்பது என்றால் வலிய வரவழைப்பது மாதிரி இருந்தது.

வெட்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு என்ன வெட்கம் என்று அத்தை கேட்டார். பிரசவ வலியில் யார் பார்க்கிறார்கள் என்று யாருக்குத் தெரிகிறது! இதுவோ நல்ல சுகமாக இருக்கும்போது, பட்டப்பகலில், நானாக நடந்து போய் கட்டிலில் ஏறிப் படுக்க வேண்டியது. வெட்கப்படாதே என்று சொன்னால் வெட்கம் போகாது. என்னைப் பொறுத்தவரை போகவே இல்லை. அதற்கு ஒரு வழி செய்து கொடுத்தால் அது ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் குழந்தைகளை நிறுக்கும் நாள். எல்லோரும் போகும்வரை நின்று, மிஸ்ஸிடம் என்னதான் செய்வார்கள் என்று கேட்டேன். அவர் பேச்சோடு நிறுத்தவில்லை. அடுத்த முறை வரும்போது பையில் ஒரு ஸ்பெகுலம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வாத்து மூக்கு மாதிரி இரண்டு இதழ், பக்கத்தில் ஒரு திருகு. திருகைத் திருப்பினால் இதழ் மெதுவாக விரியும். நானே திருப்பிப் பார்த்தேன். நான் மனதில் நினைத்து வைத்திருந்த கருவி இதைவிடப் பெரியது, கூர்மையானது. இதில் கூர் என்று எதுவுமே இல்லை. இது உள்ளே வழியைத் திறந்து பிடிக்க மட்டும்தான். அப்புறம் ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒரு மரக்குச்சியால் கருப்பைக் கழுத்தை ஒரு சுற்று வழித்து எடுப்பார்கள். எங்கள் ஊரில் கர்ப்பப்பை வாய் என்போம், இங்கே கழுத்து. வழித்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி லேபுக்கு அனுப்புவார்கள். வெட்டுவதும் இல்லை, ஊசியும் இல்லை.

அன்று மிஸ் சொன்ன இன்னொரு விஷயம் என் மனதை அதிகமாக மாற்றியது. இந்தப் புற்றுநோய் ஒரே ராத்திரியில் வருவது இல்லை. ஏறக்குறைய எல்லாக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் காரணம் எச்பிவி என்ற வைரஸ். தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது அது தொற்றும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். போகாமல் தங்கிவிட்டால்தான் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அது புற்றுநோயாக முற்ற பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் பார்த்துவிட்டால் மாறிய இடத்தை மட்டும் சரிசெய்துவிடலாம். பெரியம்மாவுக்கும் அந்த வருடங்கள் இருந்திருக்கின்றன. அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாத வருடங்கள் அவை. அதை நினைத்து அன்று ராத்திரி அழுதேன். அழுது முடித்தபோது போவதென்று தீர்மானம் ஆகியிருந்தது.

ரத்தம் படுகிறவர்கள் இந்தக் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கவே கூடாது என்றும் மிஸ் அழுத்திச் சொன்னார். உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், வாடையோடு வெள்ளைப்படுதல் என்றால் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த வேலை தையல். வெட்கத்துக்கான வழியையும் அதிலேயே தேடினேன். சேலையோ சுடிதாரோ என்றால் கழற்ற வேண்டியிருக்கும். மூன்று மீட்டர் பருத்தித் துணி வாங்கினேன், கருநீலத்தில் சின்ன வெள்ளைப் பூ. நிறையச் சுருக்கு வைத்து, இடுப்பில் எலாஸ்டிக் போட்டு, கணுக்கால் வரைக்கும் ஒரு பாவாடை தைத்தேன். உள்ளாடையை மட்டும் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டால் பாவாடை முழங்காலுக்கு மேலே கூடாரம் மாதிரி நிற்கும். வீட்டில் கட்டிலில் படுத்து ஒருமுறை சரிபார்த்தும் கொண்டேன்.

மாதவிலக்கு நாளில் போகக்கூடாது, முந்தின இரண்டு நாள் உறவு வேண்டாம், உள்ளே மருந்து எதுவும் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கணவர் தன் ஓட்டோவில் கிளினிக் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். உள்ளே வர அவருக்கு வழியில்லை. கதவைத் தாண்டியபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த நாட்டில் ஓர் அரசாங்கக் கட்டடத்துக்குள் நான் தனியாக நுழைவது அதுதான் முதல் தடவை.

இங்கே வாங்கு என்று சொல்லும் பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். சிங்களப் பெண்கள், முஸ்லிம் பெண்கள், தோட்டத்துப் பெண்கள். கொழுந்து எடுப்பவர்களுக்கு இங்கே வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும், இல்லாவிட்டால் அரைப் பேர்தான் விழும். அதையும் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இலங்கையில் 1996லிருந்து இந்தக் கிளினிக் நடக்கிறது. சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். காசு கிடையாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேனே, ஏதாவது கேட்பார்களோ என்று விசாப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். மிஸ் என் பதிவேட்டு நம்பரைச் சொன்னார், யாரும் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை.

டாக்டர் அம்மா சிங்களவர். நான் படுத்தவுடன் என் தொடை இரண்டும் மரக்கட்டை மாதிரி இறுகிக்கொண்டது. "பய வென்ன எப்பா" என்றார். அந்த மூன்று சொல் எனக்குத் தெரியும், பயப்பட வேண்டாம். பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, "மூச்சு… எடுங்க… விடுங்க" என்றார். குதிகாலை ஒன்றாக வைத்து முழங்காலை மட்டும் விரிக்கச் சொல்லி மிஸ் தோளைத் தொட்டார். ஸ்பெகுலத்தைச் சுடுதண்ணீரில் காட்டியிருந்தார்கள் போல, குளிரவில்லை. உள்ளே ஒரு அழுத்தம், பிறகு ஒரு சுரண்டல். வலி என்று சொல்ல மாட்டேன். மாதவிலக்கின் முதல் நாள் அடிவயிற்றில் ஒரு இழுப்பு இழுக்குமே, அப்படி, ஒரு நொடி. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். பாவாடை கடைசி வரைக்கும் முழங்காலை விட்டு இறங்கவில்லை.

எழுந்ததும் அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மிஸ் காட்டினார். விரல் நீளம்தான். ஒரு முனை தேய்த்தது மாதிரி மங்கலாக இருந்தது, அதில் பென்சிலால் என் நம்பர். நடுவில் பால் ஆடை ஒட்டிக் காய்ந்தது போல லேசான ஒரு தடம். அவ்வளவுதான் அதில் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில வாரம் கழித்து மிஸ் வாசலில் வந்து நின்று, "மறுபடி ஒருக்கா வரணும்" என்றார். எனக்குக் கை நடுங்கியது, மெஷினில் நூல் அறுந்தது. அவர் உடனே உள்ளே வந்து உட்கார்ந்தார். லேபுக்குப் போன சாம்பிளில் பார்க்கத் தேவையான செல்கள் போதவில்லை, அதனால் திரும்ப எடுக்க வேண்டும், நோய் என்று யாரும் சொல்லவில்லை என்றார். இப்படி நடப்பது உண்டு என்று எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் அந்த இரண்டு ராத்திரியும் தூங்கியிருப்பேன். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். திரும்பக் கூப்பிட்டாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. செல்லில் மாற்றம் தெரிகிறது என்று எழுதியிருந்தாலும்கூட, பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லை. லென்ஸ் வைத்துக் கிட்டத்தில் பார்க்க அனுப்புவார்கள், தேவைப்பட்டால் மருத்துவம் செய்வார்கள்.

இரண்டாம் முறை பஸ்ஸில் தனியாகவே போனேன். டாக்டர் அம்மா பாவாடையை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். இந்த முறை ரிசல்ட் நல்லபடியாக வந்தது. 45 வயதில் மறுபடி வர வேண்டும். மகளுக்கு 9 வயது. தரம் 6 போகும்போது பள்ளிக்கூடத்திலேயே எச்பிவி ஊசி போடுவார்கள், 2017லிருந்து நடக்கிறது. ஊசி போட்டிருந்தாலும் வளர்ந்த பிறகு அவளும் இந்தச் சோதனைக்குப் போகத்தான் வேண்டும். அதை அவளுக்கு இப்போதிருந்தே, பெயர் சொல்லியே, சொல்லி வைக்கிறேன்.

பாவாடை இப்போது என்னிடம் இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா கட்டிக்கொண்டு போனார், அவரிடமிருந்து மேட்டு லயத்துக்குப் போயிருக்கிறது. துவைத்து மடித்துத்தான் ஒருவர் அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்கு வீடியோ கால் போட்டு இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு 33 வயது. அங்கேயும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள், ஒரு மருந்துத் தண்ணீரைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். தங்கை ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பெரியம்மா இறந்ததிலிருந்து இந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறவர். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"அந்தப் பாவாடைக்குத் துணி எத்தனை மீட்டர் எடுத்த?"

"மூணு மீட்டர் அம்மா."

"இவ உன்னைவிட உயரம். மூணு காணுமா?"

"மூணரை எடுங்க" என்றேன்.