லண்டனில் செய்த சிக்காகோ

ஒரு காலத்தில் இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா பக்கம் ஓரளவு இங்கிலீஷ் தெரிந்த தோட்டத்து உத்தியோகத்தர் யாராக இருந்தாலும் ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் எழுதிய அமெரிக்கக் கள்ளர் கூட்டத்து நாவல்களைப் படித்திருப்பார். எங்கள் பெரியப்பா தோட்டத்து ஆபிஸில் கிளாக்கர். அவரிடம் ஏழெட்டு இருந்தன, எல்லாவற்றுக்கும் வீரகேசரி பேப்பரில் அட்டை போட்டிருப்பார். புத்தகம் அழுக்காகக் கூடாது என்பார். அட்டைப் படத்தைப் பெரியம்மா பார்க்கக் கூடாது என்பதுதான் விஷயம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பெரியம்மாவுக்கும் தெரியும். தோட்டங்களை அரசு எடுத்த பிறகு ஊருக்குப் போன துரைமார் பங்களாவில் விட்டுப்போனவை, கைமாறிக் கைமாறித் தொழிலாளர் லயம் வரைக்கும் வந்தவை அவை.

"அமெரிக்காவில எல்லாம் இப்படித்தானா பெரியப்பா?" என்று கேட்டால், "அங்க சட்டமே கிடையாதுடா, எல்லாம் துவக்குதான்" என்பார்.

அந்த அமெரிக்காவை எழுதியவர் லண்டனில் பிறந்த ரெனே ரேமண்ட் என்ற ஆங்கிலேயர், சேஸ் என்பது அவருடைய புனைபெயர். புத்தக வியாபாரத்தில் இருந்தவர். என்ன விற்கிறது என்று பார்த்துவிட்டு, அமெரிக்கக் கொச்சைமொழி அகராதியையும் வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுதான் 1939இல் வந்த 'நோ ஆர்க்கிட்ஸ் ஃபார் மிஸ் பிளாண்டிஷ்'. லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த 1940இல் அது சக்கைப்போடு போட்டது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1944இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். இந்த மனிதர் அமெரிக்காவுக்குப் போனதேயில்லை போலிருக்கிறது, ஆனால் மனசளவில் அந்த நாட்டுக் கள்ளர் உலகத்துக்கே குடிபோய்விட்டார் என்கிற மாதிரி அதில் சொல்கிறார். ஆக, தேயிலை மலையில் உட்கார்ந்து படித்த பெரியப்பாவுக்கும் எழுதியவருக்கும் அமெரிக்கா கிட்டத்தட்ட ஒரே தூரம்தான்!

நமக்குப் புனைபெயர் ஒன்றும் புதிதில்லை. ரங்கராஜன் மனைவி பெயரில் சுஜாதா ஆனார், சுபா என்றால் இரண்டு பேர். ஆனால் பிரிட்டிஷ் மலிவு நாவல்காரர்கள் பெயரோடு சேர்த்து நாட்டையும் மாற்றிக்கொண்டார்கள், அதுதான் எனக்கு ருசியான விஷயம். போர்க்காலத்தில் கடதாசிக்கு ரேஷன், அமெரிக்கப் புத்தகங்கள் இறக்குமதியாவதும் கஷ்டம், ஆனால் துவக்கும் பொன்னிறக் கூந்தலும் கேட்கும் வாசகர்கள் நிறைய. எங்கேயாவது கொஞ்சம் கடதாசி கிடைத்த சின்னச் சின்னப் பதிப்பாளர்கள் எல்லாம் உள்ளூரிலேயே 'அமெரிக்கர்களை' தயார் பண்ணிவிட்டார்கள்.

அதில் உச்சம் ஹாங்க் ஜான்சன். 1946இல் ஸ்டீபன் பிரான்சிஸ் என்ற லண்டன்காரர் தொடங்கிய நாவல் வரிசை அது. ஹாங்க் ஜான்சன் சிக்காகோ பத்திரிகை நிருபர், அவரே கதாநாயகன், 'நான்' என்று கதை சொல்பவரும் அவரே, அட்டையில் ஆசிரியர் பெயரும் அதுவே, இதில் பிரான்சிஸ் என்று ஒரு ஆள் இருப்பது யாருக்குத் தெரியும்? ரெஜினால்ட் ஹீட் வரைந்த அட்டைப் பெண்களைப் பார்த்தே பாதி பேர் வாங்கியிருப்பார்கள். (நியூஸ்பேப்பர் அட்டை அங்கேயும் தேவைப்பட்டிருக்கும்.)

1954 ஜனவரியில் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் ஏழு ஜான்சன் நாவல்களை ஆபாசம் என்று தீர்த்தது. போட்டு விற்ற இரண்டு பேருக்கு ஆளுக்கு ஆறு மாதம் சிறை. பிரான்சிஸ் அதற்கு முன்பே ஸ்பெயினில் குடியேறிவிட்டார். சேஸுக்கும் 1942இல் ஒரு நாவலுக்காக நூறு பவுண் தண்டம் விழுந்திருக்கிறது, ஆனால் அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனார். ஜான்சன் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், பெயர் கைமாறி, 1960களிலும் வேறு வேறு ஆட்கள் அதே பெயரில் எழுதித் தள்ளினார்கள். கடைப் பெயர்ப்பலகை மாதிரி, முதலாளி மாறினாலும் பலகை அப்படியே.

இன்னொரு ரகம் ஜான் கிரீசி. அறுநூறு நாவல்களுக்கு மேல், 28 புனைபெயர்கள். ஒரே ஆள் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து புத்தகம் கொடுத்தால் எந்தப் பதிப்பாளர் தாங்குவார், அதனால் ஆளைப் பிரித்து விற்றார். கௌபாய் கதைகூட விடவில்லை. அதில் ஒன்றில் கொயோட்டி தலைக்கு மேலே பறந்து போவதாக எழுதினார் என்று ஒரு கதை உண்டு. கொயோட்டி ஓநாய் ஜாதி மிருகம், பறவை என்று நினைத்துவிட்டாராம்! ஆனால் ஜே. ஜே. மாரிக் என்ற பெயரில் அவர் எழுதிய கிடியன் நாவல்கள் வேறு தரம். சொந்த ஊர் லண்டன், லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் ஒரே நேரத்தில் பல வழக்குகளோடு மல்லுக்கட்டும் கிடியன் என்ற அதிகாரி. தெரிந்த தெருவை எழுதும்போது மனுஷனின் கை எப்படி நிதானமாகிறது என்று அதில் பார்க்கலாம். என்னைக் கேட்டால் சேஸை விட இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

பழைய ஹாங்க் ஜான்சன் ஒன்றுகூட இதுவரை என் கையில் கிடைக்கவில்லை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் யார் வீட்டு அலுமாரியிலாவது கிடந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.