எட்ஸ் ஹய்யிம் மாலைகள்: ஹானியா நாட்குறிப்பு

ஜனவரி 9

கணவரின் ஆராய்ச்சிப் பணியை முன்னிட்டுக் கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் ஹானியா நகரில் குடியேறி நான்கு மாதங்கள் ஆகின்றன. தஞ்சை மாவட்டத்துக் கிளை நூலகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நீண்ட விடுப்பில் வந்திருக்கும் எனக்கு, எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நூலகத்தைத் தேடும் பழக்கம் இன்னும் விடவில்லை. இன்று வெனிசியர் காலத்துத் துறைமுகத்திலிருந்து கொண்டிலாக்கித் தெரு வழியாக நடந்து வந்தேன். குளிர்காலத்தில் இங்கே பாதித் தெரு உறங்கிவிடுகிறது. பூட்டிய உணவகங்களைக் கடந்து ஒரு சந்துக்குள் திரும்பியபோது எட்ஸ் ஹய்யிம் என்னும் யூதத் தொழுகைக்கூடத்தின் வாசல் தென்பட்டது. ‘உயிர் மரம்’ என்பது அந்தப் பெயரின் பொருள். விவிலியத் தமிழில் ‘ஜெப ஆலயம்’ என்று சிறு வயதில் பள்ளியில் கேட்ட இடத்தை நேரில் பார்ப்பது எனக்கு இதுவே முதல் முறை.

வாசலில் மாலைச் சொற்பொழிவு ஒன்றின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதன் அடியில், ‘நுழைவு இலவசம்’ என்று நான் தட்டுத் தடுமாறிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் கிரேக்கச் சொற்கள் இரண்டு இருந்தன.

ஜனவரி 14

சொற்பொழிவுக்குப் போய்வந்தேன். இருக்கைகள் ஏறத்தாழ நாற்பது; வந்தவர்கள் பதினேழு பேர். எங்கள் கிளை நூலகத்து வாசகர் வட்டத்தின் கணக்கும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும் என்பதால், நுழைந்தவுடனேயே சொந்த ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது; கிரேக்கர்களுக்காக இடையிடையே ஒருவர் மொழிபெயர்த்தார்.

பொருள், இந்தக் கட்டடத்தின் கதை. வெனிசியர் ஆட்சியில் கிறித்தவத் தேவாலயமாக இருந்த இது, 1645ஆம் ஆண்டு ஹானியா ஒட்டோமானியர் வசமான பிறகு, அதே நூற்றாண்டில் யூதர்களின் தொழுகைக்கூடமாயிற்று. நகரில் இருந்த இன்னொரு தொழுகைக்கூடமான கால் ஷாலோம் 1941ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்தது. போருக்குப் பின் எட்ஸ் ஹய்யிம் கவனிப்பாரற்றுக் கிடந்து, விலங்குகள் அடையும் இடமாகவும் குப்பை கொட்டும் இடமாகவும் மாறியது. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996ஆம் ஆண்டு, அழியும் தறுவாயில் உள்ள நூறு இடங்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. ஏதென்ஸ் நகரின் கிரேக்க யூத அருங்காட்சியகத்தை நிறுவியவர்களில் ஒருவரான நிக்கோலஸ் ஸ்தாவ்ரூலாக்கிஸ் முன்னின்று இதைப் புதுப்பித்தார். 1999 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. அவர் 2017ஆம் ஆண்டு காலமானார்.

இத்தனையும் கேட்ட பிறகு ஒரு கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. இந்த ஊரில் பரம்பரையாக வாழ்ந்த யூதச் சமூகம் இன்று இல்லை. வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் மரபு. பத்துப் பேர் தேறாத ஓர் ஊரில், பதினேழு அயலாரை உட்காரவைத்துப் பேச வேண்டிய தேவை என்ன?

ஜனவரி 16

இன்று நிகழ்ச்சி இல்லை. ஆயினும் நூலகத்தைப் பார்க்க அனுமதி கேட்டுப் போனேன். என் தொழிலைச் சொன்னவுடன் பொறுப்பாளர் அம்மையார் தயக்கமின்றி உள்ளே அழைத்துச் சென்றார். சிறிய அறை. புத்தகங்களின் முதுகுகளில் எபிரேயம், கிரேக்கம், ஆங்கிலம், ஜெர்மன். அடுக்குகளில் கை வைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை பழைய புத்தகங்கள் அல்ல. நூறு ஆண்டுகளைக் கடந்த ஒரு மரபின் நூலகத்தில் தாளின் மணம் இத்தனை புதிதாக இருப்பானேன் என்று கேட்டபோதுதான், நான் வந்த தேதியை அவர் சுட்டிக்காட்டினார்.

2010ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் நள்ளிரவில் யாரோ உள்ளே புகுந்து தீ வைத்தனர். மரப்படிக்கட்டு எரிந்தது, சுவர்களும் கூரையும் கரி படிந்தன. அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோதே, பதினொரு நாள் கழித்து ஜனவரி 16ஆம் நாள் மீண்டும் தீ. இம்முறை அலுவலகமும் நூலகமும் போயின. ஏறத்தாழ 2,500 நூல்கள் சாம்பலாயின. யூதர்களின் மறைநூலான தோராவின் சுருள்கள் மட்டும் தப்பின.

எரிந்த நூலகத்தில் நூலகர் முதலில் தேடுவது நூல் இருப்புப் பதிவேட்டைத்தான். என்ன இருந்தது என்று தெரிந்தால்தானே என்ன போயிற்று என்று சொல்ல முடியும். இங்கே கணினிகளும் அந்த அறையிலேயே இருந்தன. அதன்பின் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் அனுப்பிய புத்தகங்களால் அடுக்குகள் மறுபடியும் நிரம்பின. அந்தக் காலத்திலும் வாசல் கதவைப் பூட்டி வைப்பதில்லை என்ற முடிவை ஸ்தாவ்ரூலாக்கிஸ் மாற்றிக்கொள்ளவில்லையாம். நூலகர் என்ற முறையில் எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கதவு திறந்திருக்கட்டும், ஆனால் பதிவேட்டின் படி ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

ஜனவரி 27

நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட நாள். மாலையில் நினைவுக் கூட்டம் நடந்தது. பள்ளி மாணவர்கள் பலர் வந்திருந்தார்கள். பேச்சுகள் நீண்டன, இரண்டு உரைகள் தாளைப் பார்த்துப் படித்தவை, அவற்றை நான் முழுவதும் கேட்டேன் என்று சொன்னால் பொய்யாகும்.

பிப்ரவரி 19

இன்றைய மாலையைப் பற்றி விரிவாக எழுதியே ஆக வேண்டும். பொருள்: ரோமனியோட் யூதர்களின் மொழி. ஸ்பெயினிலிருந்து 1492ஆம் ஆண்டு துரத்தப்பட்டு வந்த செபார்தியர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, உரோமானியர் காலத்திலிருந்தே கிரேக்க நிலத்தில் வாழ்ந்து கிரேக்கம் பேசிய யூதர்களே ரோமனியோட்டுகள். அவர்களுடைய தொழுகைக்கூடங்களில் தோரா சுருள்களை வைக்கும் பேழையும், நின்று வாசிக்கும் மேடையும் எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி அமைந்திருக்கும். மக்கள் இரண்டுக்கும் நடுவில் அமர்வார்கள். எட்ஸ் ஹய்யிமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஒரு மாதமாக நான் உட்கார்ந்துவரும் இடத்தின் ஒழுங்கு இன்றுதான் எனக்கு விளங்கியது.

அவர்கள் பேசிய கிரேக்கத்தை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். விவிலியத்தின் யோனா நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்து எபிரேய எழுத்தில் எழுதிய இடைக்காலக் கையெழுத்துப்படி ஒன்று ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. பாவமன்னிப்புப் பெருநாளின் பிற்பகலில் படிக்கப்படும் நூல் யோனா. சபையில் உள்ளவர்களின் காதுக்கு எபிரேயம் எட்டாத இடத்தில் அன்றாட மொழியே துணைக்கு வந்திருக்கிறது. பேச்சாளர் திரையில் ஒரு வரியைக் காட்டி, முதலில் எழுத்துகளைக் கூட்டி வாசித்தார். பிறகு அதே ஒலியைக் கிரேக்கமாக உச்சரித்தார். என் பக்கத்து இருக்கையில் இருந்த முதிய கிரேக்கப் பெண்மணி, “புரிகிறதே!” என்று வாய்விட்டுச் சொன்னார். தன் வாழ்நாளில் எபிரேயத்தில் ஓர் எழுத்தும் அறியாத அவருக்கு, அந்த எழுத்துக்குள்ளிருந்து தன் பாட்டியின் பேச்சு கேட்டிருக்கிறது.

கேள்வி நேரத்தில் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினேன். எங்கள் நாட்டில் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய மரபு உண்டு என்றும், அதனை அரபுத்தமிழ் என்போம் என்றும், அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்தின்மேல் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி இருக்கும் எழுத்துகளையே விரித்துக்கொண்டார்கள் என்றும் சொன்னேன். பேச்சாளர் உடனே குறிப்பேட்டைத் திறந்து, அந்த ஊர்களின் பெயர்களை என்னைக் கொண்டே எழுதவைத்தார். அதன்பின் அரை மணி நேரம் கூட்டம் கலையவில்லை. எழுத்து மதத்தோடு போகிறது, பேச்சு மண்ணோடு இருந்துவிடுகிறது என்று ஒருவர் சொல்ல, அப்படி எளிதாகப் பிரித்துவிட முடியாது என்று இன்னொருவர் மறுக்க, பொறுப்பாளர் அம்மையார் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து எங்களை வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

இலவசச் சொற்பொழிவு என்றால் மக்களுக்கு மதிப்பு இருக்காது என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு காலத்தில் வாதிட்டவர்கள் உண்டு. சீட்டு வாங்கி வந்த கூட்டம் முடிந்ததும் எழுந்து போகும். சும்மா வந்த கூட்டம்தான் இப்படி முற்றத்தில் நின்று சண்டை போடும் என்பது என் அனுபவம்.

மார்ச் 12

கிரீட் தீவு தந்த அறிஞர் யோசேப் சாலமோன் டெல்மெடிகோவைப் பற்றிய உரை. இன்று ஹெராக்லியோன் எனப்படும் கந்தியா நகரில் 1591ஆம் ஆண்டு பிறந்து, பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போனவர். அங்கே கலிலியோவிடம் பாடம் கேட்டு, அவருடைய தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்த்தவர். பின்னர் கெய்ரோ, கான்ஸ்டான்டினோபிள், லித்துவேனியா, ஆம்ஸ்டர்டாம் என்று அலைந்து, பிராகு நகரில் 1655ஆம் ஆண்டு இறந்தார்.

அவருடைய நூலான ‘எலிம்’ 1629ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. வேறொரு யூதப் பிரிவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு விடையாக அமைந்தது அது. கேள்விகள் பன்னிரண்டு பொதுவானவை, எழுபது தனித்தனியானவை. யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் வந்து தங்கிய ஏலிம் என்னும் இடத்தில் பன்னிரண்டு நீரூற்றுகளும் எழுபது பேரீச்ச மரங்களும் இருந்தன. அதனால் அந்தப் பெயர். கேட்கப்பட்ட கேள்விகளின் எண்ணிக்கையைக் கொண்டே நூலுக்குப் பெயர் வைத்த ஆசிரியரை நான் இதற்குமுன் அறிந்ததில்லை. உரை சற்று வறட்சியாக இருந்தாலும் இந்த ஒரு செய்திக்காகப் போனது தகும்.

ஏப்ரல் 23

செபார்திப் பாடல் நிகழ்ச்சி. முற்றம் நிரம்பிவிட்டது, நான் பின் சுவரோரம் நின்று கேட்டேன். சொற்பொழிவுக்குப் பதினேழு பேர், பாட்டுக்கு நூறு பேர் என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

மே 29

1944ஆம் ஆண்டு இதே நாள் விடியற்காலையில் ஜெர்மன் படையினர் இந்தக் குடியிருப்பை வளைத்து, யூதக் குடும்பங்கள் அனைவரையும் லாரிகளில் ஏற்றி ஆகியா சிறைக்குக் கொண்டுபோனார்கள். இன்று நிகழ்ச்சி எதுவும் இல்லை. காய்கறி வாங்கிக்கொண்டு கொண்டிலாக்கித் தெரு வழியாகவே திரும்பினேன். சுற்றுலாக் காலம் தொடங்கிவிட்டதால் எல்லா உணவகங்களும் திறந்திருந்தன, நடக்க இடமில்லை.

நூலகத்தில் சற்று நேரம் உட்கார்ந்தேன். வாரம் ஒரு பிற்பகல், நன்கொடையாக வந்த ஆங்கில நூல்களுக்கு நூற்பட்டியல் அட்டை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் கையெழுத்து அங்கேயும் எனக்குப் பெருமை தேடித் தருகிறது.

ஜூன் 1

யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்கள் இவை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. பொறுப்பாளர் அம்மையாரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ஜனவரியிலிருந்தே எண்ணியிருந்தேன். ஒருவர் துக்கத்தின் நடுவே நம் துக்கத்தைக் கொண்டுபோய் வைப்பது முறையா என்ற தயக்கத்தில் தள்ளிப்போட்டிருந்தேன். இன்று அட்டை எழுதிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எந்தெந்த நூல்கள் எரிந்தன என்பதற்குப் பட்டியல் உண்டா என்றுதான் முதலில் கேட்டார்.

ஜூன் 12

தனாயிஸ் நினைவு மாலை. சிறையிலிருந்து ஹெராக்லியோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூதர்கள், தனாயிஸ் என்னும் சரக்குக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். அதே கப்பலில் இத்தாலியப் போர்க்கைதிகளும் கிரேக்கக் கைதிகளும் இருந்தார்கள். 1944 ஜூன் 9ஆம் நாள் விடிவதற்குள், உள்ளே இருப்பவர்கள் யாரென்று அறியாத பிரித்தானிய நீர்மூழ்கி ஒன்று ஏவிய டார்பீடோ அதனை மூழ்கடித்தது. ஏறத்தாழ 265 கிரீட் யூதர்கள் கடலோடு போனார்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அவர்களுடைய பெயர்கள் இங்கே வாசிக்கப்படுகின்றன.

வாசிப்பவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து வந்தார்கள். ஆசிரியர் ஒருவர், ஜெர்மனியிலிருந்து வந்து தங்கியிருக்கும் தம்பதியர், பிப்ரவரியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதிய பெண்மணி. அவர்களில் யூதர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணவும் இல்லை. என்னிடம் ஒரு பக்கம் கொடுக்கப்பட்டிருந்தது. கிரேக்க உச்சரிப்பில் பிழை நேரக் கூடாது என்று மூன்று நாட்களாகச் சமையலறையில் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆயினும் ஒரே குடும்பப் பெயர் ஐந்து முறை அடுத்தடுத்து வந்த இடத்தில், அவர்கள் கணவன், மனைவி, மூன்று பிள்ளைகளாக இருப்பார்கள் என்று தோன்றியவுடன், ஒரு பெயரில் நாக்கு தடுக்கிவிட்டது. நிறுத்தி, அந்தப் பெயரை மறுபடியும் சரியாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன்.

முடிந்தபின் மடக்கு நாற்காலிகளை நாங்கள் சிலர் சேர்ந்து சுவரோரம் அடுக்கினோம். கையிலிருந்த தாளைப் பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். பல கைகள் பிடித்துப் பிடித்து அதன் வலது மூலை மெலிந்திருந்தது. அடுத்த ஆண்டுக்குப் புதிதாக அச்சிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். தரலாம், ஆனால் பழையதையும் எறியாமல் கோப்பிலேயே வைத்திருப்போம் என்றார்.