அத்தானின் ரிவால்வரும் அறுபதாயிரம் ரூபாய் வித்தியாசமும்

கல்லிடைக்குறிச்சியில் அரிசி ஆலை நடத்தும் என் அத்தானுக்கு ரிவால்வர் வைத்துக்கொள்ளும் உரிமம் கிடைத்தபோது, எந்த விலையில் வாங்குவது என்ற கேள்வி என்னிடம் வந்து நின்றது. இராணுவத்தின் கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராகப் பதினேழு ஆண்டுகள் துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டியவன் என்பதால், குடும்பத்தில் இந்த விஷயத்தில் என் சொல்லுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அவர் முன்னால் இருந்தவை மூன்று. சாதாரண விலையில் ஒன்று. அதைவிட ஏறத்தாழ அறுபதாயிரம் ரூபாய் கூடுதலாக ஒன்று. தெரிந்த குடும்பம் ஒன்று கைமாற்ற நினைக்கும், நான்கு லட்சத்துக்கு மேல் விலை சொல்லப்பட்ட பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று. "மாப்ளே, துட்டு கூடக் கொடுத்தா என்ன கூடக் கிடைக்கும், அதை மட்டும் சொல்லு" என்று அத்தான் கேட்டார்.

இந்த மூன்றுமே .32 (குழல் விட்டத்தைத் தோராயமாக அங்குலத்தில் குறிக்கும் எண்) அளவுடையவை. காவல்துறையும் இராணுவமும் பயன்படுத்தும் .38, 9 மி.மீ. போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை என்பதால், நம் நாட்டில் ரிவால்வர் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாதான் வாய்க்கிறது. 1896-இல் வந்த, 6 கிராமைச் சற்றே தாண்டும் ஈயக் குண்டைக் கொண்ட, சாதுவான தோட்டா அது. விலை குறைந்த துப்பாக்கியிலிருந்து புறப்பட்டாலும் விலை உயர்ந்ததிலிருந்து புறப்பட்டாலும் அதன் வலிமையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே கூடுதல் பணம் கூடுதல் வலிமையை வாங்கித் தராது என்பதை முதலிலேயே அத்தானிடம் சொல்லிவிட்டேன்.

பிறகு எதை வாங்கித் தருகிறது? உலகத்தில் விலை உயர்ந்த ரிவால்வர் என்று பெயர் பெற்றவற்றைப் பார்த்தால் விடை தெரியும். 1955-இல் வந்து, 2005-இல் நிறுத்தப்பட்டு, 2020-இல் மீண்டும் தயாரிக்கப்பட்ட கோல்ட் பைத்தனைப் பிடித்தவர்கள் முதலில் பேசுவது அதன் விசையின், அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் பாகத்தின், மென்மையைப் பற்றித்தான். பிரான்சின் சிறப்புக் காவல் படைக்குப் போன மேனுரின் எம்.ஆர். 73, நாள்தோறும் சுட்டுப் பழகுகிறவர்களின் கையில் தேயாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு கவனத்தோடு செய்யப்பட்டது. நல்ல விசை, பாகங்களின் இறுக்கமான பொருத்தம், நீண்ட உழைப்பு ஆகிய மூன்றுக்குத்தான் அந்த விலை. மூன்றாவதான உழைப்பு, ஆயிரக்கணக்கில் சுடுகிறவருக்கே பயன்படும். உரிமத்தில் ஆண்டுக்கு 50 தோட்டா என்று எழுதப்பட்டிருக்கும் அத்தான், சாதாரணத் துப்பாக்கியைக்கூடத் தம் வாழ்நாளில் தேய்த்துவிட முடியாது. எனவே பார்க்க வேண்டியவை விசையும் பொருத்தமும் மட்டுமே என்று முடிவு செய்துகொண்டு மதுரையில் உள்ள விற்பனையாளரிடம் போனோம்.

பேட்டையில் லாரி பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜும், மீன் நிறுக்கும் கொக்கித் தராசும் கேட்டு வாங்கிச் சென்றிருந்தேன். துப்பாக்கிகள் இரண்டிலும் தோட்டா இல்லை என்பதை நானும் பார்த்து, அத்தானையும் பார்க்கச் சொல்லி, கடைக்காரரின் அனுமதியோடு தொடங்கினேன். தோட்டா இருக்கும் ஆறு அறைகளோடு சுழலும் சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்குமேல் அகன்றால் வாயு பக்கவாட்டில் பீறும், குறைந்தால் கரி படிந்து சிலிண்டர் சுற்றாமல் பிடிக்கும். ஓர் அறையை மட்டும் அளந்தால் போதாது, ஆறையும் அளக்க வேண்டும். விலை குறைந்ததில் நான்கு அறைகளுக்கு 0.15 தகடு நுழைந்தது, இரண்டுக்கு 0.20 தகடும் நுழைந்தது. விலை கூடியதில் ஆறுக்கும் 0.15 நுழைந்தது, எதற்கும் 0.20 நுழையவில்லை. இரண்டாலும் ஆபத்து இல்லை. ஆனால் ஒன்றைச் செய்தவர் கடைசி அறை வரை கை தளராமல் செய்திருக்கிறார் என்பது அந்தத் தகட்டின் நுனியில் தெரிந்தது.

அடுத்து, குதிரையை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) ஏற்றாமல் விசையை மட்டும் முழுதாக இழுத்துச் சுடும் இழுவையைத் தராசில் பார்த்தோம். முதலாவது 6 கிலோவைத் தொட்டது, நடுவழியில் இரண்டு இடத்தில் தடுக்கவும் செய்தது. இரண்டாவது நாலரைக் கிலோவில், ஒரே சீராக வந்து விழுந்தது. ஆனால் தராசு சொன்னதைவிட ஒற்றை ரூபாய் நாணயம் தெளிவாகச் சொல்லிற்று. குழலின் மேல் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கச் சொன்னேன். அறுபத்தொரு வயதில், நெல் மூட்டை தூக்கித் தூக்கி முட்டி வீங்கிய விரல்களோடு, அத்தான் முதலாவதில் பத்து முறை இழுத்தபோது பத்து முறையும் நாணயம் தரையில் உருண்டது. இரண்டாவதில் ஏழு முறை அப்படியே நின்றது. பயிற்சிக்குத் தோட்டா கிடைக்காத நாட்டில், விரலுக்கு எளிதாக இருப்பதன் பயன் எத்தனை பெரியது என்பதை அன்றுதான் நானே முழுதாக உணர்ந்தேன். நாள்தோறும் சுடுகிறவர் முரட்டு விசைக்கும் பழகிக்கொள்வார். ஆண்டுக்கு ஐம்பது தோட்டா சுடுகிறவர் எப்படிப் பழகுவார்?

எடை குறைவுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. 2014-இல் கான்பூரில் வெளியான நிர்பீக் ரிவால்வர், டைட்டானியக் கலவையால் 500 கிராம் அளவுக்கே நின்றது, விலையோ அப்போதே 1.22 லட்சம் ரூபாய். கைப்பையில் வைத்துச் சுமக்கும் பெண்களை எண்ணிச் செய்ததால் அவர்களுக்கு அது பொருந்தும். ஆலை மேசையிலும் வீட்டுப் பெட்டகத்திலும் இருக்கப்போகிற துப்பாக்கிக்கு 200 கிராம் கூடுதலாக இருந்தால் கை நிலைக்கும், உதையும் குறையும். 2023-இல் வந்த பிரபல் என்ற ரிவால்வருக்கு 50 மீட்டர் தூரம் என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. உயிர் காக்க நேரும் கணமெல்லாம் வீட்டு அறை ஒன்றின் அகலத்துக்குள் நடப்பது. அந்தத் துப்பாக்கியில் நான் மதிப்பது, சிலிண்டர் பக்கவாட்டில் விலகித் திறக்கும் அமைப்பை. ஆறு அறைகளும் காலி என்பது ஒரே பார்வையில் தெரிகிறது, பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு அது வேண்டும். எங்கள் பக்கத்து விவசாயிகள் சிலர் காட்டுப்பன்றிக்கு ஆகுமா என்று கேட்டார்கள். ஆகாது, சட்டமும் இடம் தராது.

மேற்பூச்சைப் பற்றி ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணிக் கரையில் வீட்டுச் சுவரே வியர்க்கும்போது எஃகின் மேல் இடும் நீலப் பூச்சு தாங்காது, அதுவும் தோலுறைக்குள் வைத்தால் ஒரு மழைக்காலம் போதும். அத்தானுடைய தந்தையாரின் இரட்டைக் குழல் துப்பாக்கியில், ஆயுத பூசைக்கு ஆண்டுதோறும் சந்தனமும் குங்குமமும் இட்ட இடத்தில், விரல் நுனி அளவுக்கு வட்டமாகத் துரு தின்ற குழி இருக்கிறது. இது போதாதென்று, தேர்தல் அறிவித்ததும் உரிமம் உள்ள துப்பாக்கிகளைப் பெரும்பாலும் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. பெயர்ச் சீட்டைச் சணல் கயிற்றில் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து, வாரக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும்போது எண்ணெய் வற்றி, கீறல் விழுந்திருக்கும். கண்ணாடிபோல் மின்னும் மெருகுக்குக் காசு கொடுப்பது நமக்கு வீண், துருப்பிடிக்காத எஃகுக்கோ கெட்டியான முலாமுக்கோ கொடுப்பது வீணல்ல.

வெளிநாட்டுத் துப்பாக்கியின் கதை சுருக்கமானது. 1980-களின் நடுவில் பொதுமக்களுக்கான இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதிலிருந்து, அதற்கு முன் வந்தவை கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டே இருக்கின்றன. நான் பார்த்தபோது குதிரையை ஏற்றிய பின்னும் சிலிண்டர் பெருவிரலுக்கு லேசாக ஆடியது. அதற்கு உதிரிபாகம் கிடைக்காது. அந்த நான்கு லட்சம் அரிதாக இருப்பதற்குத் தரும் விலை, துப்பாக்கிக்குத் தருவது அல்ல. சேகரிப்பவர் வாங்கலாம், அத்தான் வாங்கக் கூடாது என்று அழுத்தமாகவே சொன்னேன்.

வரியையும் கணக்கில் சேர்த்துத்தான் பேசினோம். 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்துவிட்டதால், வரி சேர்க்காத விலையில் கூடுகிற ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் மேல் நாற்பது ரூபாய் அரசுக்குப் போகிறது. அதை அறிந்த பின்னும் அறுபதாயிரம் கூடுதலான அந்த இரண்டாவது துப்பாக்கியையே வாங்கச் சொன்னேன், முழுக்க முழுக்க அந்த விசைக்காக. விரலில் வலு உள்ள முப்பது வயதுக்காரர் கேட்டிருந்தால் விலை குறைந்ததை வாங்கி, மிச்சத்தில் நல்ல இரும்புப் பெட்டகம் ஒன்றைச் சுவரில் பதிக்கச் சொல்லியிருப்பேன். பெட்டகத்தை அத்தானுக்கும் விட்டுவிடவில்லை. அக்காளின் அறையில் அல்லாமல், அத்தானின் கட்டிலுக்குத் தலைமாட்டில் பதிக்க அம்பாசமுத்திரத்துக் கொத்தனார் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.

முன்பணம் கட்டும்போது, நாங்கள் அளந்த துப்பாக்கியின் வரிசை எண்ணை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டோம். அதே வகையில் வேறொன்றைக் கொடுத்தால், ஆறு அறைகளையும் மறுபடி அளந்த பிறகுதான் வாங்குவோம் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஃபீலர் கேஜை அதுவரை நண்பருக்குத் திருப்பித் தரப்போவதில்லை.