ஹாட் ஸ்டோன் மசாஜ் படிப்பும் உடற்கூறியல் தாளும்

ஹாட் ஸ்டோன் மசாஜ் படிக்கப் போகிறேன் என்றதும் அம்பாசமுத்திரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "கல்லைச் சூடு பண்ணி முதுகுல வைக்கதுக்கு ஒரு படிப்பா?" கேட்டதில் நியாயம் இருக்கிறது. தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம், சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி வைக்கிற ஒத்தடம் என்று எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு வைத்தியம் உண்டு. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் அந்தப் படிப்பில் என்னை அதிகம் உழைக்க வைத்ததும், இன்றைக்கு வேலையில் அதிகம் கைகொடுப்பதும் உடற்கூறியல், உடலியங்கியல் தாள்தான். இந்த வேலைக்கு வர நினைக்கிற நம் பக்கத்துப் பெண்கள் பலரும் அந்தத் தாளைப் பார்த்தே பின்வாங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டாயிற்று. பயிற்சி நிறுவனத்தில் செய்முறையை நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். தியரி வகுப்போ திரையில் படம் ஓடும், பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். டிரபீசியஸ், ராம்பாய்ட், லடிசிமஸ் டார்சி என்று நோட்டு நிறையத் தசைப் பெயர்கள் சேர்ந்தன. எது எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழி விலங்கியல் பாடநூலைத் தேடி வாங்கினேன். ரத்த ஓட்டம், கழிவுநீக்கம், எலும்பும் தசையும், நரம்பு என்று வேண்டிய பாடங்கள் வரிசையாக அதில் இருந்தன. தமிழில் ஒருமுறை புரிந்துகொண்டு வகுப்புக் குறிப்புக்குப் போனால் பெயர்கள் மிரட்டுவதில்லை.

பாடத்திட்டம் செல்லில் தொடங்கி எலும்புக்குப் போகும். நான் அந்த வரிசையை விட்டுவிட்டுத் தோலில் தொடங்கினேன். கல் முதலில் தொடுவது தோலைத்தானே. மேல்தோல், அடித்தோல், அதற்குக் கீழே கொழுப்பு அடுக்கு. அடித்தோலில் ரத்தக்குழாய், வியர்வைச் சுரப்பி, நரம்பு முனைகள். இளஞ்சூட்டை உணர்வது ஒரு வகை முனை. சூடு ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வலியாக உணர்த்துவது வேறு வகை. தோலின் வெப்பம் 44 டிகிரியில் மணிக்கணக்காக நின்றாலே திசு வெந்துபோகும். 49 டிகிரிக்குச் சில நிமிடங்கள் போதும், 60 டிகிரிக்குச் சில விநாடிகள். இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்தபிறகு, கல்லை ஏன் கையோடு நகர்த்திக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள், ஓரிடத்தில் வைப்பதாக இருந்தால் நடுவில் ஏன் துண்டு விரிக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் தானாக விளங்கிவிட்டது. எங்களுக்குச் சொல்லித்தந்தது, கல்லைப் போட்டுச் சூடாக்கும் தண்ணீர் 50 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், 55ஐத் தாண்டவே கூடாது என்று. தெர்மாமீட்டரில்தான் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காகச் சுடுகல்லைப் பிடிக்கிறவருடைய உள்ளங்கை சூட்டுக்குப் பழகிப் போயிருக்கும். அதை நம்பக் கூடாது. முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மேல்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த முறையை இன்றைய வடிவில் பரப்பியவர் அமெரிக்காவில் அரிசோனாவின் டூசான் நகரைச் சேர்ந்த மேரி நெல்சன். 1993இல் தொடங்கினார். அதில் பயன்படுவது பசால்ட், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கல். அடர்த்தியானது, வாங்கிய சூட்டை நிதானமாக விடும். தாமிரபரணியில் கிடக்கிற கூழாங்கல் வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் பொதிகைப் பக்கத்துப் பாறை சார்னகைட்டும் நைஸும், பசால்ட் இல்லை. ஆற்றில் பொறுக்கிய கல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறலும் உள்ளே ஈரமும் இருக்கலாம், சூடேறும்போது பிளந்துவிடும். ஆற்றுக்கல்லை வைத்துத் தொழில் பண்ணலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வேண்டாம்.

தசைகளை நான் படித்தது அம்மாவின் முதுகில். அம்மா பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி காலையிலிருந்து சாயங்காலம் வரை இலையும் தூளுமாக உட்கார்ந்திருப்பாள். கடையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கமெல்லாம் பெண்களுக்கு இதுதானே வேலை. குளித்து முடித்து வந்தவளைக் குப்புறப் படுக்கவைத்து, கண்மை பென்சிலால் முதுகில் வரைந்தேன். தலையைக் குனியச் சொன்னால் கழுத்தின் அடியில் உருண்டையாக ஒன்று துருத்தும். பெரும்பாலும் அதுதான் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. தோள்பட்டை எலும்பின் கீழ்முனையிலிருந்து குறுக்கே விரலை ஓட்டினால் ஏறக்குறைய ஏழாவது மார்பு முள்ளெலும்பு. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு இரண்டையும் இணைத்துக் கோடு போட்டால் நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். இந்த மூன்று இடமும் கைக்குத் தட்டுப்பட்டால் முதுகின் வரைபடம் முழுதும் வந்த மாதிரி. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்ற எண்ணிக்கையை அதற்குப் பிறகு நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

"இந்த இடத்துலதாம்ட்டி எனக்கு எப்பவும் குத்தும்" என்று அம்மா காட்டிய இடம் தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்முனை. கழுத்தின் மேல் நான்கு முள்ளெலும்புகளிலிருந்து இறங்கிவரும் லெவேட்டர் ஸ்கேப்புலே தசை வந்து பிடித்துக்கொள்வது சரியாக அங்கேதான். தலை குனிந்தே இருந்தால் அந்தத் தசை இழுபட்டபடியே பாரம் தாங்கும். அதன்மேல் டிரபீசியஸ் போர்த்தியிருக்கிறது: பின்மண்டையில் தொடங்கி, பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு வரை இறங்கி, தோளுக்கும் காரை எலும்புக்கும் விரிகிறது. இத்தனை நாள் அம்மா சொன்ன 'பிடிப்பு' எந்தத் தசை, எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலுக்கடியில் தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தாளின் மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

சூடு உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது அடுத்த பாடம். தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்தம் மேல்பரப்புக்கு வருகிறது, தசை இளகுகிறது. மெதுவான தடவலும் சேரும்போது பதற்றத்தைத் தூண்டும் நரம்பு மண்டலம் அடங்கி, ஓய்வுக்கான பாராசிம்பதெடிக் பக்கம் ஓங்குகிறது, மூச்சு நிதானப்படுகிறது. குழாய் விரிவதால் ரத்த அழுத்தம் சற்று இறங்கும். மேசையிலிருந்து சடாரென்று எழுந்தால் தலை சுற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களை இன்னும் கவனமாக, ஒருக்களித்து உட்காரவைத்துத்தான் எழுப்ப வேண்டும். குளிர்ந்த மார்பிள் கல்லையும் இடையில் சேர்க்கிற முறை உண்டு. அது குழாய்களைச் சுருக்கும். எண்ணெய் தேய்த்த உடம்போடு குற்றால அருவிக்குள் நுழைந்தவர்களுக்கு அந்தச் சிலிர்ப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். கல் மசாஜ் 'நச்சை வெளியேற்றும்' என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். கழிவைப் பிரிப்பது கல்லீரலும் சிறுநீரகமும். கல் அதைச் செய்யாது. உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலமும் யாரும் தேய்க்காமலே ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். கல்லின் சூடு எலும்பு வரை இறங்கும் என்பதும் சரியில்லை. மேலோட்டமான சூடு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கினாலே அதிகம். வலி குறைவது, உடம்பு தளர்வது, நிம்மதியாக இருப்பது, இவை உண்மையான பலன்கள். அவற்றைச் சொன்னாலே போதும், ஆட்கள் வருவார்கள்.

தேர்வுக்கு நான் அதிகம் உழைத்த பகுதி, கை வைக்கக் கூடாத இடங்கள். கழுத்தின் முன்பக்கம் கரோடிட் தமனி. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். அக்குளில் கைக்குப் போகும் நரம்புப் பின்னல், முழங்கையின் உள்பக்கம் அல்நார் நரம்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்குழி. முதுகெலும்பின் மேல் நேராகக் கல் வைப்பதில்லை, இருபுறத் தசையின் மேல்தான். கடைசி இரண்டு விலா எலும்புகளை ஒட்டிச் சிறுநீரகம் இருப்பதால் அங்கே அழுத்தம் கூடாது. தென்பாண்டி வர்ம ஆசான்கள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 இடங்களைச் சொல்லி, தெரியாதவன் தொடாதே என்பார்கள். வேறு வழியில் வந்த அறிவு என்றாலும் அந்த எச்சரிக்கையின் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் போனது.

வாய்மொழித் தேர்வு நடத்த வந்த அம்மையார் கண்டிப்பானவர். என் கையைப் பிடித்து மாடலின் பிட்டத்தில் வைத்து, "இதுக்குக் கீழே என்ன?" என்றார். மேலே குளூட்டியஸ் மேக்சிமஸ் தசை, அதற்கடியில் பிரிஃபார்மிஸ் தசை, பெரும்பாலானவர்களுக்கு அதன் கீழ் வழியாகச் சயாட்டிக் நரம்பு வெளியே வருகிறது என்றேன். அடுத்து ஒரு கேள்வி: "சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ல உட்கார்ந்து வந்திருக்காங்க. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா இருக்கு, வலிக்குது. மசாஜ் கேக்காங்க. என்ன செய்வே?"

தொடவே மாட்டேன் என்றேன். ஏன் என்றார். கால் சிரைகளில் வால்வு உண்டு, கிணற்று மோட்டாரின் புட்வால்வு மாதிரி ரத்தம் கீழே திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். கெண்டைத்தசை சுருங்கும்போதெல்லாம் ரத்தம் மேலேறும். மணிக்கணக்காக அசையாமல் இருந்தால் ரத்தம் தேங்கி உறையலாம். அதைப் பிசைந்தால் கட்டி பிய்த்துக்கொண்டு பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரல் தமனியை அடைத்துவிடலாம், உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன் என்றேன். "கல்லாவது வைக்கலாமா?" என்று மறுபடி கேட்டார். அதுவும் கூடாது என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை, மதிப்பெண் போட்டார்.

இப்போது திருநெல்வேலியில் ஒரு ஸ்பாவில் வேலை. கல்லை எடுக்கும் முன் உட்காரவைத்துப் பேசுகிறேன். சுகர், பிரஷர், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, வெரிகோஸ் வெயின், கர்ப்பம், சமீபத்தில் ஆபரேஷன், எல்லாம் கேட்டாக வேண்டும். சுகர் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. இரண்டு டெஸ்ட் டியூபில் ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்றில் குளிர்ந்த தண்ணீர். கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றித் தொட்டு, எது சூடு என்று கேட்க வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார்கள், நாள்பட்ட சுகர். "அதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும், நீ கல்லைப் போடுட்டி" என்றார்கள். முன்கையில் சரியாகச் சொன்னார்கள். பாதத்தில் குளிர்ந்த டியூபை வைத்தபோது "சூடு" என்றார்கள். பிறகு சூடான டியூபை வைத்தேன். "எப்ப வைக்கப் போறே?" என்று கேட்டார்கள். சுகரால் நரம்பு மரத்துப்போயிருந்தால், தோல் வேகும்போதும் அந்தக் கால் கத்தாது. ஆச்சியிடம் விவரமாகச் சொல்லி, சூட்டை அடியோடு விட்டு, தோளுக்கும் கைக்கும் மட்டும் எண்ணெய் போட்டுவிட்டேன். பாதத்தை டாக்டரிடம் காட்டச் சொல்லி, கூட வந்த மகளிடமும் சொல்லி அனுப்பினேன்.

வகுப்பில் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒன்றிரண்டு விசாரியுங்கள்: உடற்கூறியலை நடத்துபவர் பிசியோதெரபியோ நர்சிங்கோ படித்தவரா, ஆள் உடம்பில் தொட்டுக் காட்டிச் சொல்லித்தருவாரா, யாருக்கு மசாஜ் கூடாது என்ற பாடத்துக்கு எத்தனை வகுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். கல் செட் வாங்க எடுத்துவைக்கிற பணத்தில் ஒரு நல்ல தெர்மாமீட்டருக்கும் இரண்டு டெஸ்ட் டியூபுக்கும் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள்.