வெள்ளி அடைச்ச பல்லும் சுறாப்புட்டும்

பிபி மெஷின் ரிப்பேர்தான் என் பிழைப்பு. இப்போது வருவதெல்லாம் பேட்டரி மெஷின். ஆனால் ரொம்ப காலம் எனக்குச் சோறு போட்டது பாதரசக் குழாய் வைத்த பழைய மெஷின்தான். நைனியப்ப நாயக்கன் தெரு சர்ஜிகல் கடைகளிலிருந்து சாக்கில் கட்டி அனுப்புவார்கள். உள்ளே பாதரசம் கறுத்துப் போயிருக்கும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் குண்டூசியால் ஓட்டை போட்டு, அதில் ஊற்றுவோம். அழுக்கு காகிதத்தோடு நின்றுவிடும். சுத்தமானது நூலாக இறங்கிக் கிண்ணத்தில் உருளும். தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனம் என்பதால், சின்னக் கிண்ணத்தைத் தூக்கினாலே மணிக்கட்டு இறங்கும்.

அதனால் சொந்தத்தில் யாருக்குப் பாதரசச் சந்தேகம் வந்தாலும் போன் எனக்குத்தான். போன மாசம் ராயபுரத்திலிருந்து தங்கச்சி மகள். அவளுக்கு அஞ்சாம் மாசம்.

"மாமா, வெள்ளி அடைச்ச பல்லுல பாதி பாதரசமாமே? குழந்தைக்கு ஆகாதாம். மூணையும் எடுத்துட்டு வெள்ளை சிமென்ட் வெச்சிடலாம்னு கிளினிக்ல சொல்றாங்க. மூணுக்கும் சேர்த்தா டிஸ்கவுண்டாம்."

பாதி பாதரசம் என்பது நிஜம். எடைக்குச் சுமார் பாதி அதுதான். மிச்சம் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. மூன்றின் பொடியோடு கலந்ததும் இறுகிக் கெட்டியாகிவிடும். அப்படியும் மெல்லும்போது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும்போது, கொஞ்சூண்டு ஆவி வரத்தான் செய்யும்.

இந்த ஆவியைத்தான் கவனிக்கணும். அடைப்பு உடைந்து ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போனால் உடம்பில் கிட்டத்தட்ட எதுவும் சேராது. மூச்சில் போகும் ஆவியோ முக்கால் பங்குக்கு மேல் ரத்தத்தில் கலந்துவிடும். எங்கள் பட்டறையிலும் முதலாளிக்குக் கிண்ணத்தில் இருப்பதைப் பற்றிப் பயமில்லை. சிந்தித் தரை இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும் பொட்டுகளுக்குத்தான் பயப்படுவார். கந்தகப் பொடி தூவுவார். துடைப்பத்தைத் தொட விடமாட்டார்.

இப்போது யோசியுங்கள். இறுகிப்போய்ச் சும்மா கிடக்கிற அடைப்பை மிஷின் வைத்துக் குடைந்தால் ஆவியும் தூளும் அப்போதுதான் அதிகம் கிளம்பும். அதைப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சி வாயில் செய்வார்களா? அமெரிக்காவில் மருந்து, உணவு விஷயங்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏ 2020 செப்டம்பரில் சொன்னதும் இதையொட்டித்தான். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறோ நரம்பு நோயோ உள்ளவர்கள் புதிதாக வெள்ளி அடைப்பதைத் தவிர்க்கலாம். ஏற்கெனவே நல்லபடியாக இருப்பதைப் பிடுங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரியிலிருந்து புதிதாக வெள்ளி அடைப்பதையே அநேகமாக நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பெரிய காரணம் சாக்கடை வழியாகவும் சுடுகாட்டுப் புகை வழியாகவும் ஊருக்குள் சேரும் பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தப் போட்ட மினமாட்டா ஒப்பந்தத்தில் இருக்கிற நாடுகளும் 2034-க்குள் நிறுத்துவதாக முடிவெடுத்திருக்கின்றன. ஆக, புதுசாக வைக்க வேண்டாம் என்றால் சரி. இருப்பதை டிஸ்கவுண்டில் பிடுங்குவது வியாபாரம்.

மினமாட்டா ஜப்பானில் ஒரு கடலோர ஊர். தொழிற்சாலைக் கழிவோடு கடலுக்குப் போன மெத்தில் பாதரசம் மீனில் ஏறி, மீன் தின்ற ஜனங்களின் நரம்பைத் தாக்கியது. 1956-இல் வெளியே தெரிந்தது. மீனில் இருக்கும் இந்தச் சரக்கு பல்லில் இருப்பதைப் போலில்லை. வயிற்றிலிருந்தே முக்கால்வாசிக்கு மேல் ரத்தத்துக்குப் போய், கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை வரைக்கும் போகும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அளவு கூடும். உச்சியில் இருப்பது சுறா. கர்ப்பிணியும் பால் கொடுப்பவளும் தவிர்க்க வேண்டிய மீன் என்று அதே எஃப்டிஏ சுறாவைப் பெயர் சொல்லியே போட்டிருக்கிறது.

நம்ம வீட்டில்? பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு. காசிமேட்டில் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள் என் தங்கச்சி. எடுத்துச் சொன்னேன்.

"உன்னைப் பெத்தப்பவும் அம்மா அதைத்தான் தின்னாங்க. உனக்கு என்னா கெட்டுப்போச்சு?"

இதற்கு என்னத்தைச் சொல்ல. நெத்திலி, மத்தி வாங்கு, அதில் இது குறைச்சல் என்றேன். கருவாட்டுக் குழம்புக்கு எதற்குப் பிரசவம் வரை காத்திருக்கணும் என்று போனை வைத்துவிட்டாள்.

மருமகளை மட்டும் கோட்டை ஸ்டேஷன் எதிரே இருக்கிற கவர்மெண்ட் பல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். என் கடைவாயில் இருக்கும் வெள்ளியும் பள்ளிக்கூட வயதில் அங்கே வைத்ததுதான். ரெண்டு பல் கல் மாதிரி இருக்கு, கை வைக்க வேண்டாம். ஒன்றில் ஓரம் பெயர்ந்திருக்கு, வலி இல்லாததால் பால் குடி மறந்த பிறகு பார்க்கலாம் என்றார்களாம். நடுவில் வலித்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காதே, உடனே போ என்று சொல்லியிருக்கிறேன். எடுக்கும் நாளில் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் போட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே, குடையாமல் துண்டு துண்டாகப் பெயர்த்து, சக்ஷனில் இழுக்கச் சொல்லிக் கேட்கணும். இழுத்ததை வாஷ்பேசினில் விடாமல் தனியாகப் பிடிக்கிறார்களா என்பதையும் கேட்கணும். சாக்கடை போய்ச் சேரும் கடலில்தான் காசிமேட்டு மீனும் மேய்கிறது.