கடலையை ரத்தத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க ஆளுக்குக் கடலை கொடுப்பதற்குப் பதில் அவர் ரத்தத்துக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் பேசோஃபில் சோதனை. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது. வெள்ளை அணுக்களில் பேசோஃபில் பொதுவாக 1 சதவீதம்கூடத் தேறாது, ஆனால் அதன்மேல் ஒட்டியிருக்கும் ஐஜிஇ, அதாவது ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்பொருள், கடலைப் புரதத்தை அடையாளம் கண்டுகொண்டால் உள்ளே இருக்கும், அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் பொட்டலங்கள் வெளியே கொட்டும், கூடவே அதுவரை உள்ளே ஒளிந்திருந்த சிடி63 புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும், அதில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து செல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஓடவிட்டு எண்ணிவிடலாம். ரத்தம் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு தொல்லை, சிலருடைய பேசோஃபில் ஐஜிஇயை நேரடியாகத் தூண்டினாலும் அசையாது. அவர்களுக்கு 'ஒவ்வாமை இல்லை' என்று எழுதிக் கொடுக்க முடியாது, சோதனை செல்லாது, அவ்வளவுதான்.

இந்த வசதியெல்லாம் இல்லாத காலத்தில், 1921-இல், பிரௌஸ்னிட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? மீன் ஒத்துக்கொள்ளாத தன் சகா க்யூஸ்ட்னரின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரைத், தன் தோலிலேயே ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றையும் ஏற்றிப் பார்த்தார். தடித்துவிட்டது! அந்தச் சீரத்தில் இருந்தது ஐஜிஇ என்று தெரியவர 1960-கள் ஆகிவிட்டன.